1564: மைக்கலாஞ்சலோ மறைந்த ஆண்டில் வேறு என்னென்ன நடந்தது?

கேள்வி இது: "மைக்கலாஞ்சலோ இறந்த அதே நாளில் கலிலியோ பிறந்தார், அதே ஆண்டில் ஷேக்ஸ்பியரும் பிறந்தார் என்று படித்தேன். உண்மைதானா? 1564ல் ஐரோப்பாவில் வேறு என்ன நடந்தது?"

ஆண்டு சரி. நாள்தான் சரியில்லை. கலிலியோ பீசா நகரில் பிறந்தது 1564 பிப்ரவரி 15. மைக்கலாஞ்சலோ ரோமில் இறந்தது பிப்ரவரி 18. இடையில் மூன்று நாள். இருவரையும் ஒரே நாளில் சேர்த்துவைக்கும் ஆசைக்கு வழிகாட்டியவர் வின்சென்சோ விவியானி. கலிலியோ பார்வை இழந்திருந்த கடைசிக் காலத்தில் கூடவே இருந்த சீடர் இவர். பிறகு ஆசானின் வாழ்க்கையை எழுதியவரும் இவரே. அதில் பிறந்த நாளை 19 என்று குறித்தார். அது உண்மையில் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்த நாள். ஃபுளோரன்ஸ் கலையில் ஒரு மேதையை இழந்ததும் இயற்கை அறிவியலில் இன்னொருவரைத் தந்தது என்று காட்ட விவியானி விரும்பினார். குருவை நேசித்த மாணவனின் விருப்பம், அவ்வளவுதான். ஆனால் இன்றுவரை அது வினாடி வினாப் புத்தகங்களில் உலவிக்கொண்டிருக்கிறது.

ஷேக்ஸ்பியர் விஷயத்தில் நமக்கு உறுதியாகத் தெரிந்த தேதி ஏப்ரல் 26 மட்டும்தான். ஸ்ட்ராட்ஃபோர்டு கோவில் பதிவேட்டில் 'ஜான் ஷேக்ஸ்பியரின் மகன் வில்லியம்' என்று அன்றைக்கு லத்தீனில் ஒரு வரி. அதுவும் ஞானஸ்நானப் பதிவு. பிறந்தநாள் ஏப்ரல் 23 என்று கொண்டாடுவது பிற்கால வழக்கம்: அது இங்கிலாந்தின் காவல் புனிதரான ஜார்ஜின் திருநாள், 1616ல் ஷேக்ஸ்பியர் இறந்ததும் அதே தேதி. பொருத்தமாக இருக்கிறது என்பதால் ஒட்டிக்கொண்டது. அதே காலத்து நாடக ஆசிரியர் கிறிஸ்டோபர் மார்லோவுக்கும் இதே கதைதான். கான்டர்பரியில் ஒரு செருப்புத் தொழிலாளியின் மகனாகப் பிறந்த அவருக்கு பிப்ரவரி 26ல் ஞானஸ்நானம். ஷேக்ஸ்பியரை விட இரண்டு மாதம் மூத்தவர், 29 வயதில் கொல்லப்பட்டவர்.

கையுறை தைப்பவரின் மகனான ஷேக்ஸ்பியரும் செருப்பு தைப்பவரின் மகனான மார்லோவும் எந்த நாளில் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்று நமக்குத் தெரிவதே பெரிய விஷயம். 1538ல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் ஒவ்வொரு பங்குக் கோவிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பதிவு செய்ய வேண்டும் என்று ஆணையிட்டார். கத்தோலிக்க நாடுகளிலும் இப்படிப்பட்ட பதிவேடுகளை வைக்கச் சொல்லி 1563 நவம்பரில், ட்ரென்ட் நகரில் கூடிய திருச்சபைத் தலைவர்களின் பொதுச்சங்கம் விதி செய்தது. சாதாரண மனிதர்களின் பெயர்கள் தொடர்ச்சியாக ஏட்டில் ஏறத் தொடங்கிய காலம் அது. முந்தைய நூற்றாண்டில் பிறந்திருந்தால் ஷேக்ஸ்பியரின் வயதைக்கூட நாம் ஊகித்துத்தான் சொல்லியிருப்போம்.

இன்னொரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். '1564' என்ற எண்ணே அன்றைக்கு எல்லோருக்கும் பொதுவானதாக இல்லை. ஃபுளோரன்ஸில் புத்தாண்டு மார்ச் 25ல் பிறந்தது; ஆகவே அந்த ஊர்க் கணக்கில் மைக்கலாஞ்சலோ இறந்தது 1563. பீசாவிலும் புத்தாண்டு மார்ச் 25தான், ஆனால் அவர்கள் கணக்கு ஃபுளோரன்ஸை விட ஒரு முழு வருடம் முன்னே ஓடியது. பக்கத்துப் பக்கத்து ஊர்கள், ஒரே ஆட்சியின் கீழ் இருப்பவை, ஆனால் எந்த நாளை எடுத்தாலும் ஆண்டு எண் வேறு! இங்கிலாந்திலும் ஆண்டு மார்ச் 25ல்தான் மாறியது என்பதால், அவர்கள் கணக்கில் மார்லோ 1563ல் பிறந்தவர், ஷேக்ஸ்பியர் 1564ல் பிறந்தவர். பிரான்சில் பெரும்பாலும் ஈஸ்டர் அன்று ஆண்டு மாறும்; ஈஸ்டரோ ஒவ்வொரு வருடமும் இடம் மாறும் பண்டிகை. இந்தத் தொல்லையை முடித்துவைக்க பிரெஞ்சு அரசர் ஒன்பதாம் சார்ல்ஸ் பெயரில் ருசியோன் என்ற இடத்திலிருந்து ஓர் ஆணை வெளிவந்தது. இனி ஆண்டு ஜனவரி 1ல் தொடங்கும் என்றது அது. தேதி 1564 ஆகஸ்ட் 9. நடைமுறைக்கு வர இன்னும் சில ஆண்டுகள் ஆயின. இங்கிலாந்து 1752 வரை மாறவே இல்லை. இந்தக் காலத்துத் தேதி எதையாவது எங்காவது எழுதப்போகிறீர்கள் என்றால், ஜனவரிக்கும் மார்ச் 25க்கும் இடையில் விழும் தேதிகளை மட்டும் ஒருமுறைக்கு இருமுறை சரிபாருங்கள். பழைய நூல்களில் அங்கேதான் ஒரு வருடப் பிழை ஒளிந்திருக்கும்.

சரி, அந்த ஆண்டில் என்ன நடந்தது? என்னைக் கேட்டால் 1564ஐப் புரிந்துகொள்ள மூன்று மேதைகளின் தேதிகளை விட அந்த ஜனவரி மாதத்தின் இரண்டு சின்னக் குறிப்புகள் அதிகம் உதவும்.

முதல் குறிப்பு ரோமில். பதினெட்டு ஆண்டுகள் விட்டுவிட்டுக் கூடிய ட்ரென்ட் பொதுச்சங்கம் 1563 டிசம்பர் 4ல் முடிந்திருந்தது. புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்துக்குக் கத்தோலிக்கத் திருச்சபை தந்த முறையான பதில் அது. கடைசி அமர்வில் கோவில் படங்களைப் பற்றியும் பேசினார்கள். படங்களை வணங்குவது தவறில்லை, ஆனால் அவற்றில் காமத்தைத் தூண்டும் எதுவும் இருக்கக் கூடாது என்று முடிவாயிற்று. போப் நான்காம் பயஸ் 1564 ஜனவரி 26 தேதியிட்ட ஆணையில் சங்கத்தின் தீர்மானங்களை உறுதி செய்தார். அதற்கு ஐந்து நாள் முன்பே, ஜனவரி 21ல், கர்தினால்கள் குழு ஒன்று சிஸ்டைன் சிற்றாலயத்தின் 'இறுதித் தீர்ப்பு' ஓவியத்தில் இருக்கும் நிர்வாணங்களை மறைக்க வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டது. வரைந்த மைக்கலாஞ்சலோ அதே ஊரில், 88 வயதில், உயிரோடு இருக்கிறார்.

இரண்டாவது குறிப்பு இங்கிலாந்தின் சிறு சந்தை ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டில். ஊராட்சியின் பொருளாளராக இருந்தவர் ஜான் ஷேக்ஸ்பியர், நாடக ஆசிரியரின் அப்பா. அவரும் இன்னொருவரும் பொறுப்பேற்றிருந்த ஆண்டின் கணக்கு 1564 ஜனவரியில் சமர்ப்பிக்கப்பட்டது. அதில் ஒரு வரி: சிற்றாலயத்தில் உருவங்களை அழித்ததற்கு 2 ஷில்லிங். அந்த கில்டு சிற்றாலயத்தின் பெரிய வளைவுக்கு மேலே இருந்ததும் ஓர் இறுதித் தீர்ப்பு ஓவியம்தான். கல்லறையிலிருந்து எழுபவர்கள், நரகத்துக்கு இழுத்துச் செல்லப்படுபவர்கள் என்று ஊர் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்த படம். சுண்ணாம்பு அடித்து மூடிவிட்டார்கள். எலிசபெத் அரசியின் ஆணைப்படி கோவில்களில் உருவங்கள் இருக்கக் கூடாது.

ஒரே மாதத்தில் கத்தோலிக்க ரோமும் புராட்டஸ்டன்ட் இங்கிலாந்தும் ஒரே பொருளில் அமைந்த இரண்டு ஓவியங்களின் மேல் கை வைக்கின்றன. ஒருவருக்கு உடல் உறுத்துகிறது, மற்றவருக்கு உருவமே உறுத்துகிறது. மறுமலர்ச்சி என்றதும் நமக்கு மனித உடலின் அழகும் சிந்தனையின் விடுதலையும் நினைவுக்கு வருகின்றன. 1564க்கு வரும்போது அந்தக் கதவுகள் பல இடங்களில் மூடத் தொடங்கிவிட்டன என்பதுதான் என் வாசிப்பு. ஸ்ட்ராட்ஃபோர்டில் சுண்ணாம்பு மட்டும் பூசினார்கள், முழுக்கச் சுரண்டிவிடவில்லை. அதனால் அந்த ஓவியத்தின் எச்சங்கள் மீட்கப்பட்டு இன்றைக்கும் பார்க்கக் கிடைக்கின்றன.

ரோம் ஓவியத்துக்கு ஆடை பூசும் வேலை 1565ல் ஓவியர் தானியேலே தா வோல்டெர்ராவிடம் போனது. மைக்கலாஞ்சலோவின் நெருங்கிய நண்பர், அவர் இறக்கும்போது படுக்கையருகே நின்றவர். ஊர் அவருக்கு 'கால்சட்டைக்காரர்' என்று பட்டப்பெயர் வைத்துவிட்டது. எனக்கு இது அநியாயமாகவே படுகிறது. ஓவியத்தையே இடித்துத் தள்ளலாம் என்று பேசியவர்கள் இருந்த காலம். குருவை நேசித்த ஒருவர் முடிந்தவரை குறைவாகத் தொட்டு அதைக் காப்பாற்றியிருக்கிறார். பெயர் மட்டும் கெட்டுப்போனது.

மைக்கலாஞ்சலோவின் முடிவைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இறப்பதற்குச் சில நாள் முன்புவரை அவர் உளியைக் கீழே வைக்கவில்லை. அப்போது செதுக்கிக்கொண்டிருந்த 'ரொண்டானீனி பியத்தா' இப்போது மிலானின் ஸ்ஃபோர்ஸா கோட்டையில் இருக்கிறது. இறந்த இயேசுவின் உடலைத் தாய் மரியாள் பின்னாலிருந்து தாங்கும் சிற்பம். பழைய வடிவத்தின் ஒரு கை தனியாகத் தொங்கிக்கொண்டிருக்க, இரண்டு உருவங்களும் ஒன்றுக்குள் ஒன்று கரைவது போல மெலிந்து நிற்கும். இருபதுகளில் அவர் செதுக்கிய, பளபளப்பான புனித பேதுரு ஆலயத்துப் பியத்தாவைப் பார்த்துவிட்டு இதைப் பார்ப்பவர்கள் ஒருவர் செய்ததுதானா என்று திகைப்பார்கள். என் கண்ணுக்கு இரண்டில் இதுவே பெரியது.

கைவசம் இருந்த பல வரைபடங்களை அவரே தீயிட்டார். தன் உழைப்பின் தடயங்களை யாரும் பார்க்கக் கூடாது என்பதற்காக என்று வாழ்க்கை வரலாறு எழுதிய வசாரி சொல்கிறார். இறந்தபின் வீட்டில் எடுத்த பட்டியலில் கொஞ்சம் தட்டுமுட்டுச் சாமான்களோடு ஒரு பெட்டி நிறைய 8,000க்கும் மேற்பட்ட பொற்காசுகள் இருந்தன. ஏழை போல வாழ்ந்தவர் பெரிய செல்வந்தராகச் செத்தார். ரோமில்தான் அடக்கம் செய்வார்கள் என்ற நிலை. அண்ணன் தம்பி வழி வாரிசான லியோனார்டோ, உடலை வணிகச் சரக்கு மூட்டை போலக் கட்டி ரகசியமாக ஃபுளோரன்ஸுக்குக் கொண்டுபோனார். மார்ச் மாதம் சாந்தா குரோச்சே கோவிலில் அடக்கம், ஜூலை 14ல் சான் லொரென்சோ கோவிலில் அரச மரியாதைக்கு இணையான நினைவுச் சடங்கு. ஓர் ஓவியனுக்கு, ஒரு சிற்பிக்கு ஊரே திரண்டு அப்படிச் செய்தது புதிது. கைத்தொழிலாளி என்று எண்ணப்பட்ட கலைஞன் எவ்வளவு உயரம் வந்துவிட்டான் என்பதற்கு இதை விடப் பெரிய சான்று வேண்டியதில்லை. விவியானி விரும்பிய இணைப்பு ஒருவகையில் இங்கே நிறைவேறியது: அதே சாந்தா குரோச்சேயில் கலிலியோவும் இருக்கிறார். ஆனால் 1642ல் இறந்த அவருக்கு அங்கே நினைவுச்சின்னம் எழுப்ப 1737 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. திருச்சபையால் தண்டிக்கப்பட்டவர் அல்லவா.

அந்தத் தண்டனையின் வேரும் ஒரு பகுதி இந்த ஆண்டில்தான் இருக்கிறது. 1564 மார்ச்சில், கலிலியோ ஐந்து வாரக் குழந்தையாக இருந்தபோது, போப் புதிய தடைநூல் பட்டியலை வெளியிட்டார். அதற்கு ஐந்து ஆண்டு முன் வந்த பட்டியல் அளவுக்கு இது கடுமையானதில்லை. ஆனால் இதோடு பத்து பொது விதிகளும் வந்தன: எந்த வகை நூலைத் தடுக்கலாம், எதைத் திருத்தி அனுமதிக்கலாம், தாய்மொழி பைபிளை யார் வாசிக்கலாம் என்றெல்லாம். பொக்காச்சியோவின் 'டெகமெரான்' கதைத் தொகுப்புக்குத் திருத்தப்படும்வரை தடை. பட்டியலை ரோமில் அச்சிட்டவர் பவுலுஸ் மனுட்டியஸ். கிரேக்க, லத்தீன் இலக்கியங்களைக் கையடக்கப் பதிப்புகளாக ஐரோப்பா முழுக்கப் பரப்பிய வெனிஸ் அச்சாளர் ஆல்டஸின் மகன்! அப்பா நூல்களைத் திறந்துவிட்டார், மகன் கையில் தடைப் பட்டியல். பிற்காலத்தில் பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற கோப்பர்நிக்கஸ் நூலும் கலிலியோவின் 'உரையாடல்' நூலும் இந்தப் பட்டியலின் தொடர்ச்சியில்தான் ஏறின.

இப்போது ஸ்ட்ராட்ஃபோர்டுக்குத் திரும்புவோம். ஷேக்ஸ்பியர் பிறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஜூலை 11ல் ஒரு நெசவாளியிடம் வேலை பழகிய இளைஞனின் அடக்கப் பதிவுக்குப் பக்கத்தில், 'இங்கே கொள்ளைநோய் தொடங்கியது' என்று லத்தீனில் எழுதியிருக்கிறது. ஆண்டு முடிவதற்குள் அந்தச் சிறிய ஊரில் இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆகஸ்டில் ஊராட்சிக் கூட்டத்தை அறைக்குள் நடத்தப் பயந்து தோட்டத்தில் நடத்தினார்கள். நோயுற்ற ஏழைகளுக்கு ஜான் ஷேக்ஸ்பியர் பணம் கொடுத்ததும் கணக்கில் இருக்கிறது. அவருக்கும் மனைவி மேரிக்கும் முன்பு பிறந்த இரண்டு பெண் குழந்தைகளும் தங்கவில்லை. மூன்றாவதாகப் பிறந்த இந்தப் பிள்ளையை எப்படிப் பொத்திப் பொத்தி வைத்திருப்பார்கள்!

அந்த நோய்க்கு அரசியலோடும் தொடர்பு உண்டு. பிரெஞ்சு மதப்போரில் தலையிட்ட எலிசபெத் லெ ஹாவ்ர் துறைமுகத்தில் படை வைத்திருந்தார். அங்கே கொள்ளைநோய் தாக்கியது, 1563 கோடையில் படை சரணடைந்து ஊர் திரும்பியது. அந்த வருடம் லண்டனில் ஏறத்தாழ 20,000 பேர் மடிந்தார்கள். 1564 ஏப்ரலில் கையெழுத்தான ட்ருவா உடன்படிக்கையில் இங்கிலாந்து 1,20,000 கிரவுன் வாங்கிக்கொண்டு, 1558லேயே பறிபோயிருந்த கலே துறைமுகத்தை மீட்கும் ஆசையைக் கைவிட்டது. நூற்றாண்டுகளாகப் பிரெஞ்சு மண்ணில் அதன் வசமிருந்த பகுதிகளில் கடைசியாகப் போனது அது.

மற்ற மரணங்களில் முக்கியமானது மே 27ல் ஜெனீவாவில் இறந்த புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத் தலைவர் ஜான் கால்வினுடையது. வயது 54. மைக்கலாஞ்சலோவின் சடங்குக்கு நேர் எதிர்: பெயர் பொறித்த கல்கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அப்படியே அடக்கம் செய்தார்கள். கல்லறை எங்கே என்பது இன்றைக்கும் உறுதியாகத் தெரியாது. ஆனால் அவர் 1559ல் தொடங்கிய கல்விக்கூடம் இன்றைய ஜெனீவா பல்கலைக்கழகமாக நிற்கிறது. ஜூலை 25ல் புனித ரோமானியப் பேரரசர் முதலாம் ஃபெர்டினாண்டு வியன்னாவில் இறந்தார், மகன் இரண்டாம் மாக்சிமிலியன் பட்டத்துக்கு வந்தார்.

அக்டோபரில் உடற்கூறியலின் பெரும்புள்ளி அந்திரேயாஸ் வெசாலியஸ் போனார். 1543ல் 'மனித உடலின் அமைப்பு' என்ற படங்கள் நிறைந்த நூலை வெளியிட்டு, ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாகக் கேள்வியின்றி ஏற்கப்பட்ட பண்டைய மருத்துவர் கேலனின் பல கருத்துகளைத் தவறென்று நிரூபித்தவர். ஜெருசலேம் யாத்திரை போய்த் திரும்பும் வழியில், வெனிஸ் ஆட்சியிலிருந்த ஜாக்கிந்தோஸ் தீவில், 50 வயது நிறைவதற்கு முன் இறந்தார். உயிரோடிருந்த ஒருவரைத் தவறுதலாக அறுத்துவிட்டார், அதற்குத் தண்டனையாகத்தான் யாத்திரை போனார் என்று ஒரு கதை இணையத்தில் நிறையச் சுற்றுகிறது. அதற்கு ஆதாரம் இல்லை, தயவுசெய்து அதைப் பரப்பாதீர்கள். ஸ்பெயின் அரசவை வேலையில் அலுத்துப்போய், பாதுவா பல்கலைக்கழகத்தின் பழைய இடத்துக்குத் திரும்பும் எண்ணத்தில் இருந்தார் என்பது இதை விடப் பொருத்தமான விளக்கம்.

மாஸ்கோவில் மார்ச் 1ல் இவான் ஃபியோதரோவும் பியோத்தர் எம்ஸ்திஸ்லாவெத்ஸும் 'அப்போஸ்தல்' என்ற நூலை அச்சிட்டு முடித்தார்கள். தேதியோடு வெளிவந்த முதல் ரஷ்ய அச்சு நூல் இது. அதே ஆண்டு டிசம்பரில் ஜார் நான்காம் இவான் திடீரென்று மாஸ்கோவை விட்டுப் போய், கெஞ்சி அழைக்கவைத்து, பிறகு வரம்பற்ற அதிகாரத்தோடு திரும்பினார். அந்தப் பயங்கர ஆட்சிக் காலத்தில் இரண்டு அச்சாளர்களும் லித்துவேனியப் பக்கம் போய்விட்டார்கள். கிரெமோனாவில் அந்திரேயா அமாட்டி 1564ல் செய்த ஒரு வயலின் ஆக்ஸ்ஃபோர்டு அஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்றைக்கு மிஞ்சியிருக்கும் மிகப் பழைய வயலின்களில் ஒன்று. பீட்டர் புரூகல் 'கல்வாரிக்கு ஊர்வலம்' ஓவியத்தில் இந்த ஆண்டைக் குறித்திருக்கிறார். நூற்றுக்கணக்கானவர்கள் நடமாடும் அந்தப் படத்தில் சிலுவை சுமக்கும் இயேசுவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வேடிக்கை பார்க்க வந்த கூட்டமும், சிவப்புச் சட்டை போட்ட குதிரை வீரர்களும்தான் முதலில் கண்ணில் படுவார்கள். நேரம் கிடைத்தால் பெரிதாக்கிப் பாருங்கள்.

கடைசியாகக் கடல். 'மறுமலர்ச்சி ஆண்டு' என்று எழுதுபவர்கள் இதை விட்டுவிடுவார்கள், விடக் கூடாது. அக்டோபரில் ஜான் ஹாக்கின்ஸ் தன் இரண்டாவது அடிமை வணிகப் பயணத்துக்குக் கிளம்பினார். மேற்கு ஆப்பிரிக்காவில் மனிதர்களைப் பிடித்து, அட்லாண்டிக்கைத் தாண்டி ஸ்பானியக் குடியேற்றங்களில் விற்பதுதான் வேலை. அவருடைய முதன்மைக் கப்பலின் பெயர் 'ஜீசஸ் ஆஃப் லூபெக்', கொடுத்தவர் எலிசபெத் அரசியேதான். ஷேக்ஸ்பியர் காலத்து இங்கிலாந்தின் செழிப்பைப் பேசும்போது இந்தக் கப்பலையும் சேர்த்தே பேச வேண்டும். அப்புறம் நவம்பர் 21ல், மெக்சிகோவின் நவிடாட் துறைமுகத்திலிருந்து மிகேல் லோபெஸ் தே லெகாஸ்பி பசிபிக்கின் குறுக்கே புறப்பட்டார். அடுத்த ஆண்டு செபு தீவில் இறங்கினார். பிலிப்பைன்ஸில் முந்நூறு ஆண்டுக்கு மேல் நீடித்த ஸ்பானிய ஆட்சி அங்கே தொடங்கியது. அவரோடு போன துறவி உர்தனேட்டா வடக்கே ஏறி, காற்றோட்டத்தைப் பிடித்து மெக்சிகோவுக்குத் திரும்பும் வழியைக் கண்டுபிடித்தார். அந்த வழியில்தான் 1815 வரை மணிலாவுக்கும் அக்காபுல்கோவுக்கும் இடையே அமெரிக்க வெள்ளியும் சீனப் பட்டும் போய்வந்தன.